கண்ணின் நீளத்தை அளந்த மூன்று ஆண்டுகள்: ஒரு சிறுமியின் கிட்டப்பார்வையும் அட்ரோபின் சொட்டும்

“அட்ரோபினா? டாக்டர், அது பூச்சிமருந்து குடிச்சு வாறவங்களுக்கு நாங்க ஊசி போடுற மருந்துல்லா?”

2022 ஜூன் மாதம், ஒரு சனிக்கிழமை மதியம், ஒரு தாய் என்னிடம் கேட்டது இது. அவர் செவிலியர், அவசரப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவர். பக்கத்தில் நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்ற மகளுக்கு எட்டு வயது. மூன்றாம் வகுப்பில் சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது.

கேள்வியில் தப்பே இல்லை. வாழைத் தோட்டங்கள் நிறைந்த கன்னியாகுமரி மாவட்டம் இது. உயிருக்குப் போராடுகிறவர்களுக்காக எத்தனையோ ராத்திரி அந்த ஆம்பூல்களை உடைத்து ஏற்றிய கை அவருடையது. அதே மருந்தை, கிட்டப்பார்வை ஏறும் வேகத்தைக் குறைக்க என்று, தன் பிள்ளையின் கண்ணுக்கு எழுதுகிறேன் என்றால் மனம் பதறத்தானே செய்யும். ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன்.

“சிஸ்டர், நீங்க உடைக்கிற ஆம்பூல்ல 0.6 மில்லிகிராம் இருக்கும். நான் எழுதுற 0.01 சதவீதச் சொட்டுல ஒரு மில்லிக்கு 0.1 மில்லிகிராம்தான். ஒரு சொட்டை 0.05 மில்லின்னு வச்சுக்கோங்க. அப்போ ஒரு சொட்டுல 0.005 மில்லிகிராம். உங்க ஒரு ஆம்பூல் அளவு வரணும்னா 120 சொட்டு வேணும். ரெண்டு கண்ணுக்கும் சேர்த்து 60 ராத்திரி.”

தாளை அவர் தன் பக்கம் திருப்பி வைத்து ஒருமுறை தானே பெருக்கிப் பார்த்தார். அப்புறம்தான் முகம் இளகியது.

இதே கணக்கு இன்னொரு பக்கமும் வெட்டும். கண் மருத்துவமனைகளில் வேறு காரணங்களுக்குப் பயன்படும் 1 சதவீத அட்ரோபினில் ஒரு சொட்டே 0.5 மில்லிகிராம், கிட்டத்தட்ட ஓர் ஆம்பூல். ஆகவே வீட்டில் கிடக்கும் 1 சதவீத மருந்தில் தண்ணீரோ வேறு சொட்டோ கலந்து “லைட்” ஆக்கி விடுவதை யாரும் நினைத்தும் பார்க்கக் கூடாது. அப்படி ஒரு யோசனையோடு என்னிடம் வந்தவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பெற்றோரின் சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி இதை எழுதுகிறேன். முதல் வருடம் எங்கள் சிகிச்சை எடுபடவில்லை. ஏன் என்று கண்டுபிடிக்கக் காலிப் பாட்டில்களை எண்ண வேண்டியிருந்தது. கண் நோய் பார்க்கிறவர்களும் பிள்ளைகளுக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருக்கும் பெற்றோரும் அந்த இடத்தைக் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

வந்தபோது இருந்த நிலை

கல்குளம் வட்டத்தில் ஒரு சிற்றூர். அப்பா வளைகுடாவில் வேலை. வருடத்துக்கு ஒருமுறை வருவார். வீட்டில் அம்மா, அம்மச்சி, மூன்று வயதுத் தம்பி. பள்ளிகள் 2020 மார்ச்சில் மூடி, ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் மறுபடி திறந்தன. அதாவது இந்தப் பிள்ளை ஒன்றாம் வகுப்பு முழுவதையும் ஒரு கைப்பேசித் திரையில் படித்து முடித்தவள்.

2021 ஆகஸ்டில், தொலைக்காட்சிக்கு முன்னால் போய் நின்று பார்க்கிறாள் என்று ஒரு கண்ணாடிக் கடையில் காட்டியிருக்கிறார்கள். சொட்டு விடாமல் கணினியில் பார்த்து இரண்டு கண்ணுக்கும் மைனஸ் 1.00 கொடுத்திருந்தார்கள். “ஸ்கூலுக்கு மட்டும் போட்டாப் போதும், எப்பவும் போட்டா பவர் ஏறும்” என்ற அறிவுரையும் சேர்த்து.

என்னிடம் வந்த அன்று அந்தக் கண்ணாடியோடு 6/24 வரிதான் தெரிந்தது. கண்ணின் தசையைத் தற்காலிகமாகத் தளர்த்தும் சைக்ளோபென்டோலேட் சொட்டு விட்டு, முக்கால் மணி நேரம் கழித்துப் பார்த்ததில் வலது கண் மைனஸ் 2.50, இடது கண் மைனஸ் 2.25. சரியான கண்ணாடியோடு இரண்டும் 6/6, அதாவது முழுப் பார்வை. கருவிழி வளைவு சாதாரணம், கூம்பு விழுந்த அடையாளம் இல்லை. கண் அழுத்தம் 14. விழித்திரையில் பார்வை நரம்பின் ஓரத்தில் மெல்லிய பிறை. ஓரங்களில் ஓட்டையோ மெலிவோ இல்லை. நீண்ட விரல், மூட்டுத் தளர்ச்சி, காது மந்தம் என்று ஏதாவது உண்டா என்றும் பார்த்தேன். சின்ன வயதில் வேகமாக ஏறும் மைனஸ் சில நேரம் உடம்பின் இணைப்புத் திசுக் கோளாறோடு வரும். இவளுக்கு அப்படி எதுவும் இல்லை.

கண்ணின் நீளத்தை ஒளியால் அளக்கும் கருவி என்னிடம் இல்லை, நாகர்கோவிலுக்கு அனுப்பினேன். வலது 24.02 மில்லிமீட்டர், இடது 23.91. வளர்ந்த ஒருவருக்கே 23.5 முதல் 24 வரைதான் சாதாரணமாக இருக்கும். எட்டு வயதில் இவள் அதைத் தொட்டுவிட்டாள். இனிமேலும் வளர வேண்டிய வயது.

அம்மாவுக்கு மைனஸ் 8.00. தம்பியைச் சுமந்திருந்த மாதங்களில் அவருடைய ஒரு கண்ணின் விழித்திரையில் ஓட்டை கண்டு லேசர் வைத்து அடைத்திருந்தார்கள். “எனக்கு வந்தது இவளுக்கு வரக் கூடாது டாக்டர்” என்று அவர் சொன்னது சும்மா சொன்னதில்லை. கண் நீளமாக நீளமாக விழித்திரை இழுபட்டு மெலிகிறது. விழித்திரை பிரிதல், மையப் பகுதி சிதைதல், கண் நீர் அழுத்தம், சீக்கிரமே புரை எல்லாம் அதன் பின்னால் வரிசை கட்டி நிற்கும். ஒரு டயாப்டர் (கண்ணாடிப் பவரின் அலகு) குறைவாக நிறுத்த முடிந்தாலே மையச் சிதைவின் வாய்ப்பு ஏறத்தாழ 40 சதவீதம் குறைகிறது என்று 2019-இல் ஒரு ஆய்வுக் கணக்கு வந்தது. நான் பிடித்துக்கொண்டிருப்பது அந்த ஒரு டயாப்டரைத்தான்.

என்ன சொன்னேன், என்ன எழுதினேன்

முதலில் முழுப் பவருக்குக் கண்ணாடி. எழுந்ததிலிருந்து படுக்கும் வரை. பவரைக் குறைத்துக் கொடுத்தால் கண் பழகிச் சரியாகும் என்பது நம்மூரில் ஆழமாக வேர்விட்ட நம்பிக்கை. 2002-இல் மலேசியாவில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். குறைத்துக் கொடுத்த பிள்ளைகளுக்குத்தான் மைனஸ் அதிகம் ஏறியது. அம்மச்சி கேரட்டும் பொன்னாங்கண்ணியும் பற்றிக் கேட்டார். கொடுங்கள், நல்லதுதான், ஆனால் நீண்டுபோன கண்ணை அவை சுருக்காது என்றேன்.

அப்புறம் சொட்டு. கிட்டத்தில் பார்க்கும்போது சுருங்கும் தசையை அட்ரோபின் தளர்த்துகிறது, அதனால் மைனஸ் ஏறுவது குறைகிறது என்றுதான் பழைய காலத்தில் நினைத்தார்கள். கோழிக்குஞ்சுகளின் கண்ணில் அந்தத் தசை அட்ரோபினுக்குக் கட்டுப்படாத வகை. இருந்தும் அங்கேயும் கண் நீள்வதை அட்ரோபின் தடுத்தது. ஆகவே விழித்திரையிலோ அதைச் சுற்றியுள்ள உறைகளிலோதான் அதன் வேலை நடக்கிறது என்று இன்று கருதுகிறோம்.

சிங்கப்பூரில் 400 பிள்ளைகளில் பாதிப் பேருக்கு 1 சதவீதச் சொட்டும் மற்றவர்களுக்கு மருந்தில்லாத சொட்டும் ஒரு கண்ணில் மட்டும் விட்டு, 2006-இல் முடிவைச் சொன்னார்கள். இரண்டு வருடத்தில் மருந்தில்லாத சொட்டு விட்ட கண்களில் 1.20 டயாப்டர் ஏற, மருந்து விட்ட கண்களில் 0.28தான் ஏறியது. ஆனால் அந்த அளவு மருந்தில் வெயிலில் கண் திறக்க முடியாது, புத்தகம் படிக்க முடியாது. மருந்தை நிறுத்தியதும் மைனஸ் பாய்ந்து ஏறும். அதனால்தான் அளவைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். 2012-இல் வந்த அவர்களுடைய அடுத்த ஆய்வு 0.01 சதவீதத்தை உலகம் முழுவதும் பிரபலமாக்கியது.

நானும் 0.01 எழுதினேன். இரவு படுக்கும்முன் ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு சொட்டு. விட்டதும் கண்ணின் உள்மூலையை ஒரு நிமிடம் விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும், மருந்து மூக்கு வழியாகத் தொண்டைக்கு இறங்காமல் இருக்க. பாட்டிலைத் தம்பி கைக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். நம் நாட்டில் நடந்து 2021-இல் வெளிவந்த ஆய்வும் 0.01-க்குச் சாதகமாக இருந்தது: ஒரு வருடத்தில் மருந்து விட்ட பிள்ளைகளுக்கு 0.16 டயாப்டர், விடாதவர்களுக்கு 0.35. ஆனால் அதே ஆய்வில் கண்ணின் நீளத்தில் தெளிவான வித்தியாசம் வரவில்லை. அதற்கு நான் அன்று கொடுக்க வேண்டிய எடையைக் கொடுக்கவில்லை.

இன்னொன்றையும் தவறவிட்டேன். ஹாங்காங்கில் 438 பிள்ளைகளை வைத்து 0.05, 0.025, 0.01 மூன்றையும் மருந்தில்லாத சொட்டோடு ஒப்பிட்ட ஆய்வு 2019-இலேயே வந்துவிட்டது. ஒரு வருடத்தில் மைனஸ் ஏறியது முறையே 0.27, 0.46, 0.59, மருந்தில்லாமல் 0.81. நீளம் கூடியது 0.20, 0.29, 0.36, மருந்தில்லாமல் 0.41 மில்லிமீட்டர். வயது குறையக் குறைய அதிக அளவு தேவைப்படுகிறது என்றும் அவர்கள் பின்னர் காட்டினார்கள்: பத்து வயதில் 0.01 தரும் பலனைப் பெற எட்டு வயதில் 0.025-உம் ஆறு வயதில் 0.05-உம் வேண்டியிருந்தது. எட்டு வயது, வேகமாக ஏறும் பவர், அம்மாவுக்கு மைனஸ் 8. இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால் நான் 0.05-இல் தொடங்கியிருக்க வேண்டும். அந்தத் தாயின் பயத்தைத் தணிப்பதில் கவனம் போய்விட்டது. குறைந்த அளவு எனக்கும் சுலபமாக இருந்தது.

கடைசியாக ஒன்று சொல்லி அனுப்பினேன், அதை அன்று இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம். “இந்த மருந்து போட்டா பவர் குறையாது. கண்ணாடி கழறாது. ஏறுற வேகம் குறையும், அவ்வளவுதான். ஒரு வருஷம் போட்டு முடிச்சப்புறமும் பவர் கொஞ்சம் ஏறித்தான் இருக்கும்.”

முதல் வருடமும் எட்டுப் பாட்டில்களும்

2022 டிசம்பரில் வலது மைனஸ் 2.75, நீளம் 24.21. ஆறு மாதத்தில் 0.19 கூடியிருந்தது. மனது சரியில்லை என்றாலும் ஒரு வருடம் பார்க்கலாம் என்று விட்டேன். 2023 ஜூனில் வலது மைனஸ் 3.25, நீளம் 24.40, இடது மைனஸ் 3.00, நீளம் 24.28. ஒரு வருடத்தில் வலது கண் 0.38 மில்லிமீட்டர் வளர்ந்திருக்கிறது. ஹாங்காங்கில் மருந்தே விடாத பிள்ளைகளின் 0.41-க்கு ஏறக்குறையச் சமம்.

என் கை நேராக 0.05-ஐ எழுதப் போனது. 0.01 இவளுக்கு வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டிவிட்டேன். அமெரிக்காவில் 0.01-ஐ மருந்தில்லாத சொட்டோடு ஒப்பிட்டு, வித்தியாசமே இல்லை என்று சொன்ன ஆய்வும் அடுத்த மாதமே வந்தது. எழுதும் முன், ஏதோ தோன்றி, “ஒரு வருஷத்துல எத்தனை பாட்டில் வாங்கினீங்க சிஸ்டர்?” என்று கேட்டேன்.

திறந்த பாட்டிலை ஒரு மாதத்தில் தூக்கிப் போட வேண்டும். அப்படியானால் பன்னிரண்டு வேண்டும். அவர் கைப்பேசியில் மருந்துக்கடைக்குப் பணம் அனுப்பிய விவரத்தைத் தேடினார். எட்டு. இன்னொரு தடவை தேடினார். எட்டுதான்.

நான்கு மாதம் எங்கே போனது? அம்மாவுக்கு மாதத்தில் ஒரு வாரத்துக்கு மேல் இரவுப் பணி. அந்த நாட்களில் மருந்து விட வேண்டியது அம்மச்சி. அம்மச்சி விடவில்லை. மறதியால் விடாமல் இருக்கவில்லை, தெரிந்தேதான் விடவில்லை.

அடுத்த வாரம் அம்மச்சியையும் வரச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர் பையச் சொன்னார்: “சின்னதுல நான் ஊமத்தங்காய் பறிச்ச கையோட கண்ணைக் கசக்கிட்டேன் டாக்டரே. கண்ணுக்குள்ள கறுப்பு பெருசாயிட்டு. மூணு நாள் எழுத்து தெரியல்ல, வெளிச்சம் பாக்க முடியல்ல. இந்தப் பிள்ளைக்கும் மருந்து விட்ட மறுநாள் கறுப்பு பெருசாத்தான் இருந்துது. எனக்குப் பேடி வந்திட்டு.”

நான் வியந்துபோனேன். ஊமத்தையில் இருக்கும் சரக்குகளில் அட்ரோபினும் ஒன்று. அவர் பேத்தியின் கண்ணில் பார்த்தது தான் சின்ன வயதில் அனுபவித்த அதே விளைவின் மிகச் சிறிய வடிவத்தைத்தான். எத்தனை மருத்துவர்கள் அப்படிக் கண் பாப்பாவின் (கண்ணின் நடுவில் உள்ள அந்தக் கறுப்பு வட்டத்தின்) அளவை ஒரு பார்வையில் கவனித்திருப்பார்கள்? “நீங்க பாத்தது சரிதான் அம்மச்சி, அதே மருந்துதான் இது” என்று ஒத்துக்கொண்ட பிறகுதான் அவர் என்னை நம்ப ஆரம்பித்தார். ஊமத்தங்காயில் அளவு யார் கையிலும் இல்லை, இதில் சொட்டுக் கணக்கு இருக்கிறது என்று, மகளுக்குக் காட்டிய அதே தாள் கணக்கை அவருக்கும் காட்டினேன். முதல் வருடம் நான் மருந்தைப் பற்றி விளக்கம் சொன்னது தாயிடம் மட்டும். அவர் இல்லாத இரவுகளில் அதை விட வேண்டிய ஆளிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை.

எட்டுப் பாட்டில் கணக்கு தெரிந்த பிறகு, 0.01 தோற்றது என்று சொல்ல எனக்கு வழியில்லை. முழுமையாக விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இனி அறிய முடியாது. இருந்தாலும் ஒன்பது வயதுக்குள் மைனஸ் 3.25 ஆகிவிட்ட பிள்ளையை வைத்து இன்னொரு வருடம் சோதித்துப் பார்க்க நான் தயாராக இல்லை. 0.05-க்கு மாற்றினேன்.

0.05-க்கு மாறிய பிறகு

அன்று எங்கள் பக்கத்து மருந்துக்கடைகளில் 0.05 அலமாரியில் இருக்கவில்லை. சொல்லி வைத்து வரவழைக்க வேண்டியிருந்தது. அதனால் ஒரு பாட்டில் எப்போதும் கூடுதலாக வீட்டில் இருக்கட்டும் என்றேன். நாட்காட்டியில், மருந்து விட்ட ஒவ்வொரு இரவும் பிள்ளையே பென்சிலால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். அம்மாவுக்கு இரவுப் பணி வரும் நாட்களை முன்கூட்டியே அம்மச்சியின் பெயரில் வட்டமிட்டார்கள்.

புதிய அளவில் ஒரு சொட்டில் 0.025 மில்லிகிராம். ஆம்பூல் கணக்கில் பன்னிரண்டு இரவு. பக்க விளைவும் அதற்கேற்ப இருந்தது. வெளிச்சத்தில் பாப்பாவின் அகலம் ஒரு மில்லிமீட்டர் போலக் கூடியது. முதல் இரண்டு வாரம் பள்ளி வேனுக்குக் காத்து நிற்கும்போது கண் கூசுகிறது என்றாள். வெயிலில் கறுக்கும் கண்ணாடிச் சில்லு மாற்றிக் கொடுத்ததும் அது அடங்கியது. சங்குத்துறைக் கடற்கரைக்குப் போனபோது மட்டும் தொப்பி வேண்டும் என்றாளாம். படிக்கச் சிரமமா என்று ஒவ்வொரு முறையும் அகராதி எழுத்தைக் காட்டிக் கேட்டேன், படித்தாள். முகம் சிவப்பது, வாய் வறள்வது, காய்ச்சல், இதயம் படபடப்பது என எதுவும் இல்லை. மெட்ராஸ் ஐ வந்தபோது பத்து நாள் நிறுத்திவிட்டுப் புதுப் பாட்டிலில் தொடங்கினார்கள். அதை என்னைக் கேட்காமலே சரியாகச் செய்திருந்தார் தாய்.

அளவுகள்:

2023 டிசம்பர்: வலது மைனஸ் 3.25, 24.48 மி.மீ.; இடது மைனஸ் 3.25, 24.36 மி.மீ.

2024 ஜூன்: வலது மைனஸ் 3.50, 24.57 மி.மீ.; இடது மைனஸ் 3.25, 24.45 மி.மீ.

2025 ஜூன்: வலது மைனஸ் 3.75, 24.70 மி.மீ.; இடது மைனஸ் 3.50, 24.57 மி.மீ.

முதல் வருடம் 0.38 வளர்ந்த வலது கண், இரண்டாம் வருடம் 0.17, மூன்றாம் வருடம் 0.13. பாட்டில்கள் இரண்டாம் வருடம் பன்னிரண்டு, மூன்றாம் வருடம் பதினொன்று.

எல்லா அளவும் ஒரே கருவியில் எடுத்தவை. இதை நான் பிடிவாதமாகச் சொல்வேன். கண்ணாடிப் பவர் சோதனையில் கால் டயாப்டர் இப்படி அப்படி வருவது சகஜம். ஆறு மாத மாற்றத்தை அதை வைத்துச் சொல்ல முடியாது. நீள அளவு அவ்வளவு ஆடாது. ஒரு மில்லிமீட்டர் நீண்டால் ஏறத்தாழ இரண்டரை டயாப்டருக்கு மேல் மைனஸ் ஏறும் என்பது பொதுக் கணக்கு. கருவி வேறு ஊரில் இருக்கிறது, போய்வர ஒரு நாள் போகும் என்றாலும் வருடத்துக்கு இரண்டு தடவையாவது அந்த அளவை எடுத்துவிட வேண்டும்.

வெயில்

பிள்ளையின் ஒரு நாளை மணிவாரியாகச் சொல்லச் சொன்னேன். காலை ஏழு பத்துக்கு வேன். மாலை நாலரைக்கு வீடு. ஐந்து முதல் ஏழரை வரை டியூஷன். சனிக்கிழமை இன்னொரு டியூஷன். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு அதிகம் உள்ள மாவட்டம் என்ற பெயர் நமக்கு உண்டு. அந்தப் பெருமை எனக்கும் உண்டு. ஆனால் இந்தப் பிள்ளை வெயிலைப் பார்ப்பது வேனுக்குக் காத்து நிற்கும் பத்து நிமிடம் மட்டும்தான்.

வீட்டுக்குப் போய் வந்த ஒரு நாளில் ஒளி அளக்கும் கருவியைக் கொண்டுபோனேன். டியூஷன் அறையில், குழல்விளக்கின் கீழ், புத்தகம் விரித்த மேசையில் 180 லக்ஸ். இருபதடி தள்ளி, முற்றத்துத் தென்னை நிழலில் 6,000-க்கு மேல். சுட்டெரிக்கும் வெயிலில் நிற்க வேண்டியதே இல்லை, நிழலே போதும். பிரகாசமான ஒளி பட்டால் விழித்திரையில் டோபமின் சுரப்பு கூடுகிறது, அது கண் நீள்வதை மட்டுப்படுத்துகிறது என்பதுதான் இதற்குச் சொல்லப்படும் விளக்கம். சீனாவின் குவாங்சோவில் பள்ளிகளில் தினமும் 40 நிமிட வெளி வகுப்பு ஒன்றைக் கூட்டினார்கள். மூன்று வருடத்தில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் அந்த வகுப்பு இல்லாத பள்ளிகளில் 39.5 சதவீதம், இருந்த பள்ளிகளில் 30.4 சதவீதம் என்று 2015-இல் எழுதினார்கள். இது முக்கியமாகப் புதிதாக வருவதைத் தடுக்கும் பலன். ஏற்கெனவே வந்த மைனஸ் ஏறுவதை வெயில் எவ்வளவு தடுக்கும் என்பதற்கு அவ்வளவு வலுவான சான்று இல்லை. இருந்தாலும் செலவில்லாத, கெடுதல் இல்லாத ஒன்றை ஏன் விட வேண்டும்?

டியூஷனை நிறுத்தச் சொன்னால் நடக்காது. டியூஷன் டீச்சரிடம் அம்மா பேசினார். ஐந்து மணி வகுப்பு ஐந்தரைக்கு மாறியது. அந்த அரை மணி நேரம் பிள்ளைகள் முற்றத்தில் விளையாடினார்கள். வாய்ப்பாடு சொல்வதும் ஒப்பிப்பதும் திண்ணைக்கு வந்தன. ஞாயிற்றுக்கிழமை அரைநாள் வெளியே. இரண்டு மழைக்காலமும் கொட்டித் தீர்க்கும் ஊரில் ஜூனிலும் அக்டோபரிலும் இந்த ஏற்பாடு பாதிக்கு மேல் கெட்டுப்போனது. அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஓரங்களில் வேறு பவர் வைத்த சிறப்புக் கண்ணாடிகளைப் பற்றியும் பேசினோம். அவற்றுக்கும் நல்ல சான்று இருக்கிறது. ஆனால் முதல் வருடத்தில் மட்டும் இரண்டு கண்ணாடி உடைத்த பிள்ளை. அந்த விலைக்குக் குடும்பம் தயங்கியது. நானும் வற்புறுத்தவில்லை.

இதிலிருந்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது

0.05 சொட்டுதான் இந்தக் கண்ணின் ஓட்டத்தை மட்டுப்படுத்தியது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் ஒரே ஒரு பிள்ளையை வைத்து அதை நிரூபிக்க முடியாது. வயது ஏற ஏற மைனஸ் ஏறும் வேகம் மருந்து இல்லாமலே குறையும். எட்டு வயதுக் கண்ணும் பதினோரு வயதுக் கண்ணும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. மிக வேகமாக ஓடிய வருடத்தில்தான் பெற்றோர் டாக்டரிடம் ஓடி வருவார்கள்; அதற்கு அடுத்து வரும் எந்த வருடமும் அதைவிட மெதுவாகத்தான் தெரியும். வந்த அன்று, கடையில் பார்த்த மைனஸ் 1.00-ஐ வைத்து, பத்து மாதத்தில் ஒன்றரை டயாப்டர் ஏறியதாகக் குறித்துவைத்தேன், அதில் முதல் அளவு சொட்டு விடாமல் எடுத்தது. சின்னப் பிள்ளைகளுக்குச் சொட்டு விடாமல் பார்த்தால் மைனஸ் பெரும்பாலும் கூடுதலாகக் காட்டும். அந்த எண்ணை நான் பெரிதாக நம்பவில்லை. போதாததற்கு மருந்து, முழுப் பவர் கண்ணாடி, முற்றத்து அரை மணி நேரம், தொடர்ந்து மருந்து விட்டது என்று எல்லாமே ஒன்றாக மாறின. எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்க என்னிடம் தராசு இல்லை.

அதனால்தான் பெரிய ஆய்வுகளின் எண்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். 0.05 விட்ட பிள்ளைகளுக்கு அங்கே முதல் வருடம் சராசரி 0.20, இவளுக்கு 0.17. பொருந்துகிறது.

குடும்பத்துக்கு இதைப் புரியவைப்பதுதான் பெரும்பாடு. காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்தால் மறுநாள் காய்ச்சல் இறங்கும். இந்த மருந்தின் பலன் இன்னும் பத்து வருடம் கழித்து வராமல் போகும் ஒரு நோய். 2024 ஜூனில் மைனஸ் 3.50 என்று சொன்னபோது தாயின் முகம் வாடிவிட்டது. “ரெண்டு வருஷமா ஊத்தியாச்சு, மறுபடி ஏறியிருக்கே டாக்டர்?” நாகர்கோவில் அளவுச் சீட்டுகளை வரிசையாக மேசையில் அடுக்கி, ஒவ்வொரு வருடத்து வித்தியாசத்தையும் அவரையே கழித்துப் பார்க்கச் சொன்னேன். அவர் கணக்கில் நம்பிக்கை உள்ளவர். கழித்துப் பார்த்துவிட்டு, கீழே அடுத்த வருடத்துக்கு ஒரு காலிக் கோடு போட்டு வைத்தார்.

இப்போது ஆறாம் வகுப்பு. வளர்ச்சி வேகமெடுக்கும் வயது வருகிறது. இந்த இடத்தில் நிறுத்த மாட்டேன். பதினான்கு வயதுக்குப் பிறகு, ஒரு வருடம் நீளம் அசையாமல் இருந்தால், படிப்படியாக இறக்கலாம் என்பது திட்டம். சட்டென்று நிறுத்தினால் மைனஸ் திரும்பப் பாயும். சிங்கப்பூர் ஆய்வில் மருந்தை நிறுத்திய அடுத்த ஒரு வருடத்தில் 0.5 சதவீதம் விட்டவர்களுக்கு 0.87, 0.1 விட்டவர்களுக்கு 0.68, 0.01 விட்டவர்களுக்கு 0.28 டயாப்டர் ஏறியது. அளவு கூடக் கூட நிறுத்துவதில் கவனமும் கூட வேண்டும்.

தம்பி

2025 ஜூனில் அக்காவோடு தம்பியும் வந்தான். ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு. பார்வை இரண்டு கண்ணிலும் 6/6, எந்தக் குறையும் சொல்லவில்லை. அம்மாவின் வற்புறுத்தலில் அவனுக்கும் சொட்டு விட்டுப் பார்த்தேன்: பிளஸ் 0.25. ஆறு வயதில் பிளஸ் 0.75-க்குக் கீழே இருந்தால் அது கிட்டப்பார்வையின் வாசற்படி. அக்காவையும் அம்மாவையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் வாசலைத் தாண்ட அதிக நாள் ஆகாது.

“இவனுக்கும் ஊத்திருவோமா டாக்டர்?” என்று இந்தத் தடவை கேட்டது அம்மச்சி. மைனஸ் இன்னும் வராத நான்கு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு 0.05 விட்டுப் பார்த்த ஹாங்காங் ஆய்வு 2023-இல் வந்திருக்கிறது. இரண்டு வருடத்தில் மருந்தில்லாதவர்களில் 53 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது; 0.05 விட்டவர்களில் 28.4 சதவீதம் பேருக்கு. அந்த எண் எனக்கு ஆசை காட்டுகிறது. இருந்தாலும் குறையே இல்லாத கண்ணுக்கு வருடக்கணக்கில் மருந்து விடுவதற்கு முன் அவனுடைய கண் எந்த வேகத்தில் வளர்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும். இன்றைக்கு நீளம் 22.86. இப்போதைக்கு அவனுக்கு டியூஷன் வேண்டாம், பள்ளி விட்டு வந்ததும் இருட்டும் வரை வெளியே விளையாடட்டும் என்று எழுதிக் கொடுத்தேன். அதை மருந்துச் சீட்டிலேயே எழுதச் சொன்னார் தாய், டியூஷன் டீச்சரிடமும் அப்பாவிடமும் காட்ட. எழுதினேன்.

டிசம்பரில் கோட்டாறு சவேரியார் திருவிழா விடுமுறையில் நாகர்கோவில் போகிறார்களாம். அன்றைக்கே இரண்டு பேருக்கும் நீளம் அளந்து சீட்டைக் கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.